மருத மரத்தடியில் ஏழு கல்

சங்கரன்கோவில்,
தை 9.

மதிப்புக்குரிய காவியா அம்மாவுக்கு,

எழுத்து கோட்டில் நிற்காமல் மேலும் கீழும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தொரு வயதில் முதியோர் வகுப்பில் கற்றது. இதுதான் என் முதல் கடிதம். இரண்டு நாளாக எழுதுகிறேன். ஆனாலும் பேனாவைப் பிடித்தால் ஒரு குஷி வருகிறது.

கார்த்திகையில் ஆற்றங்கரை நடைபாதைக்கு வரைபடம் போட வந்தீர்களே, ஜமீன் படித்துறையிலிருந்து கல்மண்டபம் வரை வழி காட்டிய ஆட்டுக்காரன் வெயிலுமுத்து நான்.

உங்கள் வரைபடப் பலகையைப் படித்துறையில் நட்டுவிட்டார்கள். நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். நடக்க ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை. நான் காட்டிய நடுகல்கூட இருந்தது. சந்தோஷத்தில் சத்தமாகவே வாசித்தேன். மருத மரத்துக்கு நேரே ‘வாகன நிறுத்துமிடம்’ என்று இருந்தது. அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

அன்றைக்கு அந்த மரத்தடியில் கிடந்த ஏழு கல்லையும் என்னவென்று கேட்டீர்கள். ஆட்டுக்காரர்கள் கஞ்சி காய்ச்சின அடுப்புக்கல் என்றேன். பொய் அம்மா. மழையில்லாத ஒரு வருஷம், அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்தபோது எங்கள் மகள் பேச்சி காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயது. அங்கேதான் புதைத்தோம். படத்தில் போட ராஜா கதை கேட்டு வந்த உங்களிடம் என் வீட்டுக் கதையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

என் மனைவி வள்ளித்தாய் வெள்ளிதோறும் போய் அந்தக் கற்களைக் கழுவிவிட்டு வருவாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஏ கலெக்டரே, பலகையில என்ன போட்டிருக்கு என்று கேலியாகக் கேட்டாள். மரம் வைக்கப் போறாங்களாம் என்றேன். பிள்ளைக்கு இன்னும் நல்லா நிழல் கிடைக்கும் என்று சிரித்தாள்.

பாதை வேலை பார்க்கும் மேஸ்திரி பாண்டிராஜிடம் சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி, படத்துல இல்லாத கல்லை நான் எப்படி விட்டுவைப்பேன், படம் போட்ட அம்மா எழுதிக் கொடுத்தா இப்பவே மாத்துதேன் என்கிறான். தை இருபதாம் தேதி மண்ணைத் தோண்ட பொக்லைன் வருகிறது.

பாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜனங்கள் நடக்கட்டும். வண்டி நிறுத்தும் இடத்தை மட்டும் படத்தில் பத்தடி தள்ளிப் போடுங்கள். பேச்சி பெயர் எதிலும் வரவேண்டாம்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரமும் எழுதுவேன். அப்போது வீட்டில் இருக்க மாட்டேன். பொக்லைன் வந்தாலும் அந்தக் கற்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுவேன்.

இப்படிக்கு,
சு. வெயிலுமுத்து