துளைக்காமல் போன வெள்ளை

இன்றைக்குச் சாயங்காலம் உன் பச்சைக் கண்ணாடியை ஆணியிலிருந்து எடுத்தேன். வில்லியனூர் தேருக்குப் போனபோது வாங்கி வந்தாயே, கிளிப்பச்சை விளிம்பு வைத்த கைக்கண்ணாடி, அதுதான். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நடந்ததை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். வீட்டில் சொன்னால், "நல்லது, சாப்பிட வா" என்பார்கள். நீ இல்லை என்பதற்காக உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் ஆகாது.

பாகூரில் நான் பல் கிளினிக் திறந்த நாளிலிருந்து கூட நின்றவள் நீ. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நீ பனித்திட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய், நான் டாக்டருக்குப் படித்தேன், கடைசியில் இரண்டு பேரும் அந்த ஒற்றை அறையில் வந்து சேர்ந்தோம். ஆள் இருந்தால் "டாக்டரம்மா", ஆள் போனதும் "இன்னாடி, டீ சொல்லட்டா?" வேலை முடிந்தவர்களிடம் கண்ணாடியை நீட்டுவது நீதான். ஆனால் ஒரு நாளும் அதில் நீ முகம் பார்த்து நான் கண்டதில்லை.

உன் முன்பல் இரண்டிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளைத் திட்டு. "யம்மா, பல்லுல சோத்துப் பருக்கை ஒட்டினு இருக்குது பாரு" என்று வருகிறவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் சொல்வார்கள். நீயும் ஒன்றும் தெரியாதவள்போல் நாக்கால் துழாவிவிட்டு, "போச்சா?" என்று கேட்பாய். அவர்கள் சிரிப்பார்கள். நீ முந்தானையை வாய்மேல் இழுத்துவிட்டுக்கொள்வாய். பல்லில் வந்த தேமல் என்று எவளோ சொன்னதைக் கேட்டு எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் பல் கூசி வந்து நின்றாயே! பல் டாக்டர் பக்கத்திலேயே இருந்துகொண்டு இந்தக் கூத்தா என்று நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும்.

"உக்காருடி. கொஞ்சம் தொளைச்சி எடுத்துட்டு, பல்லு கலர்லயே அடைச்சி வுட்டுடறேன்" என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்.

"நல்லா இருக்கிற பல்லைப் போயி தொளைக்கிறதா? தொளைக்காம ஒண்ணும் பண்ண முடியாதாடி?"

எப்போது கூப்பிட்டாலும் இதே கேள்விதான். மருந்து கம்பெனிக்காரர்களையும் நீ விட்டதில்லை. அவர்கள் பையைத் திறப்பதற்குள், "தொளைக்காம வெள்ளைய எடுக்கிறதுக்கு இன்னா வெச்சிருக்கீங்க?" என்பாய். அவர்கள் ஏதாவது பேஸ்ட்டை நீட்டுவார்கள். நீ உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாய்.

முடியும்டி! இன்றைக்கு முடிந்தது. அதுவும் யார் பல்லில் என்று நினைக்கிறாய்? உன் மகள் பல்லில்!

"எம் பொண்ணு பல்லாவது வரிசையா இருக்கட்டும்" என்று நீதானே அவளுக்குக் கிளிப் போட வைத்தாய். கிளிப் பாதியில் இருக்கும்போதே ஒரு நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய். அப்புறம் அந்தப் பெண் சோறு தின்றதே பெரிய காரியம். கம்பிக்கு நடுவில் பிரஷ்ஷை விட்டுத் துலக்க அவளுக்கு எங்கே மனசு? கிளிப்பைக் கழற்றியபோது பல் வரிசையாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு பல்லிலும் வெள்ளை வளையம். "அம்மா பல்லு எனக்கும் வந்துடுச்சி பெரிம்மா" என்றாள். அது வேறு, இது வேறு என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. கொரோனா போய்விட்டது, மாஸ்க் மட்டும் அவள் முகத்தைவிட்டுப் போகவில்லை. இப்போது நர்சிங் படிக்கிறாள். நாளைக் காலை கல்லூரியில் விளக்கேற்றும் விழா, எல்லாரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னால் விழாவுக்கே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். உன் வீட்டுக்காரர் போனில் இதைச் சொல்லும்போது அழுதேவிட்டார். இன்றைக்கே அழைத்து வாருங்கள் என்றேன்.

நாற்காலியில் சாய்ந்ததும் அவள் கேட்டது என்ன தெரியுமா? "தொளைப்பீங்களா?"

"இல்லம்மா. தொளைக்க மாட்டேன்." உன்னிடம் ஒரு தடவையாவது சொல்ல ஆசைப்பட்ட வார்த்தை.

விஷயம் ரொம்பச் சின்னதுதான். பஜ்ஜி வைத்த பேப்பரில் எண்ணெய் ஊறினால் பின்பக்கத்து எழுத்து தெரியுமே, அதுபோலத்தான். பல்லின் மேல் ஓட்டில் சத்து கரைந்து கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் விழுந்திருக்கின்றன. அவற்றில் காற்று நிற்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர்போல் ஓடுகிற ஒரு பிசினை அதற்குள் ஊறவிட்டால் வெள்ளை மறைந்து பல்லின் நிறம் வந்துவிடும். போன மாதம்தான் கற்றுக்கொண்டு வந்தேன். நான் தனியாகச் செய்வது இதுதான் முதல் தடவை.

ஈறுக்கு மேல் நீல ரப்பர் ஷீட்டை மாட்டி, அந்தப் பொத்தல்களின் வாயைத் திறக்க ஆசிட் ஜெல்லைத் தடவி, கழுவிக் காயவைத்தேன். காய்ந்ததும் வளையமெல்லாம் முன்னைவிட வெளுத்துத் தெரிந்தது. அடுத்து ஸ்பிரிட் சொட்டு. அது படும்போது வெள்ளை மறைந்தால் பிசினும் உள்ளே இறங்கும் என்று அர்த்தம். சொட்டினேன். மறையவில்லை. நாளைக்குப் போட்டோ, நாற்காலியில் உன் பெண். ஸ்பிரிட் வாசனையில் நீ முதுகுக்குப் பின்னால் நின்று "இன்னாடி ஆச்சி?" என்பதுபோலவே இருந்தது. மறுபடியும் ஜெல், மறுபடியும் கழுவல், மறுபடியும் ஒரு சொட்டு.

போச்சு! கண்ணெதிரே ஒவ்வொரு பல்லாக வெள்ளை வடிந்து போச்சு. வெளியே உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரர் நான் கத்திய சத்தத்தைக் கேட்டு என்னமோ ஏதோ என்று உள்ளே ஓடி வந்துவிட்டார். அப்புறம் பிசினை ஊறவிட்டு, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தேன். கோரைப் பல்லில் மட்டும் லேசாக ஒரு நிழல் இருக்கிறது, நான் சொன்னால்தான் தெரியும்.

பச்சைக் கண்ணாடியை நீட்டினேன். பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிப்பு வந்ததும் பழக்கதோஷத்தில் கை வாய்க்குப் போனது, பாதி வழியில் நின்றுவிட்டது. உன் சிரிப்பேதான், தெருவுக்கே கேட்கிற சிரிப்பு.

இந்த மருந்து நீ இருந்தபோதே எங்கேயோ இருந்திருக்கிறது. நம் பாகூருக்கு வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். உன்னுடையது சின்ன வயசிலேயே ஆழமாக விழுந்த வெள்ளை, முழுசாகப் போயிருக்குமா, தெரியாது. நீ அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்திருக்கலாம் என்று வயிற்றெரிச்சலாக இருக்கிறது. உன் கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது. துளைக்கிற மிஷினைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உன் குரலில் அது கேட்கிறது, பதில் சொல்லிவிட்டுத்தான் பல்லைத் தொடுகிறேன்.

சற்று முன் உன் மகள் போன் செய்தாள்.

"பெரிம்மா, மாஸ்க்கை அங்கியே வுட்டுட்டு வந்துட்டேன்."

"எடுத்து வெச்சிருக்கேன். காலையில காலேஜுக்குப் போவும்போது வாங்கிக்கிறியா?"

"அய்ய, வாணாம். தூக்கிப் போட்டுடுங்க."

போட்டுவிட்டேன்டி.