இரண்டு மாதத்துக்கு ஓர் அறை

இன்று காலை சிவாஜி நகரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, பக்கத்தில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். மண்ணெண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றுவிட்டேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எழுத வேண்டியதை இத்தனை நாளும் தள்ளிப்போட்டு வந்தேன். இனி நீ படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று நீ நினைத்தால், அதுவும் சரிதான்.

மூன்றாம் ஆண்டு முடிந்த அந்த மே மாதம் யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நம் இருவருக்கும் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தது. தங்குவதற்கு நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை காலை பெங்களூரில் இறங்கினோம். திங்கட்கிழமை சேர வேண்டும். லாட்ஜில் இரண்டு மாதம் தங்க நம் இரண்டு வீட்டிலும் வழியில்லை.

அன்று எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினோம்! பதினொரு மாத ஒப்பந்தம் என்றார்கள், பத்து மாத அட்வான்ஸ் என்றார்கள். ஃபேமிலிக்குத்தான் என்றார் ஒரு அம்மா. "ரெண்டு மாசத்துக்கு யாருப்பா வீடு குடுப்பாங்க?" என்று சிரித்தார் ஒரு புரோக்கர். நீ மட்டும் சளைக்கவில்லை. பெட்டிக்கடைக்காரரிடம் கன்னடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் இரண்டு விரலைக் காட்டி, "எரடு திங்களு சார், எரடே திங்களு" என்று கெஞ்சினாய். உன் உச்சரிப்பைக் கேட்டுக் கதவைச் சாத்த வந்தவர்களே சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி அறை. வீட்டுக்காரர் தமிழர். நம் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மேலே கூட்டிப்போய்க் காட்டினார். ஜன்னலோரம் ஒரு கட்டில், சுவரோரம் ஒரு கட்டில். நீ சுவரோரக் கட்டிலில் பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

கீழே காபி கொடுத்தார்கள். "ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்று என்னிடம் கேட்டார். தேர்முட்டித் தெரு என்றேன். தலையாட்டினார். உன் பக்கம் திரும்பினார். "உங்க வீடு ஊருக்குள்ளயா?"

"இல்லைங்க. காலனி."

பொய் சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. அவர் உன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ரூம் சின்னது தம்பி. ஒருத்தர்தான் இருக்க முடியும். நீங்க வேணா இருந்துக்குங்க" என்றார்.

இரண்டு கட்டில் கிடக்கிறதே என்று நான் கேட்டிருக்க வேண்டும். எழுந்திருக்கவாவது வேண்டும். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீதான் எழுந்து மாடிக்குப் போய்ப் பையை எடுத்து வந்தாய். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ இருடா. நாளைக்கு ரெண்டு பேருமே இடமில்லாம நிக்க வேணாம்" என்றாய். தெருமுனை வரைக்கும்கூட நான் உன்னோடு வரவில்லை.

அந்தச் சுவரோரக் கட்டிலில் என் துணிகளை, புத்தகங்களையெல்லாம் பரப்பி வைத்தேன். காலியாகத் தெரியக் கூடாது என்று.

மறுநாள் தொழிற்சாலை வாசலில் தலை வாரி, சட்டை இஸ்திரி போட்டு நின்றிருந்தாய். ஒக்கலிபுரத்தில் ஒரு டெய்லர் வீட்டில் இடம் கிடைத்துவிட்டது என்றாய். அடுத்த ஞாயிறு என்னை அங்கே அழைத்துப் போனாய். முன்பக்கம் கடை, பின்னால் ஒரே அறை. கடை சாத்தியதும் துணி வெட்டும் மேஜைக்கடியில் உனக்குப் பாய். டெய்லரின் மனைவி மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டே என்னை உபசரித்தார்.

"இவன் வந்து வாசல்ல நின்னு ரெண்டு விரல காட்டுறான். என்னமோ கன்னடா பேசுறான். 'தமிழ்லயே கேளு ராஜா, ஜாகா கம்மி, பரவால்லன்னா இரு'ன்னேன்" என்று சொல்லிச் சிரித்தார். எந்தத் தெரு என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. தட்டு நிறையச் சோறு போட்டார்.

கிளம்பும்போது உன்னிடம் மெதுவாகக் கேட்டேன். "நானும் இங்கயே வந்துடட்டுமாடா?"

"இங்க ஒருத்தர்தான் இருக்க முடியும்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அது குத்தலா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகும் நாம் நண்பர்கள்தான். உனக்கு ஓசூரில் வேலை, எனக்கு இங்கே. என் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து பந்தலில் நின்றாய். ஒருமுறை ஓசூர் பஸ் ஸ்டாண்டில், "அந்த மல்லேஸ்வரம் வீடு…" என்று ஆரம்பித்தேன். "விடுடா, பஸ் வந்துடுச்சு" என்றாய். பஸ் ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் இன்னும் கால் மணி நேரம் நின்றோம்.

மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக உன் வீட்டுக்கு வந்தேன். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் முதல் தடவை.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

"நீதானா கண்ணு அது? பெங்களூர்ல ரெண்டு மாசம் எம் புள்ளகூட ஒரே ரூம்புல இருந்தியே? வீடு கெடைக்குமோ கெடைக்காதோன்னு நான் பயந்துகிட்டே அனுப்புனேன். 'ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலம்மா, அவன் என்னைய உட்டுட்டு எங்கயும் போவலம்மா'ன்னு வந்து சொன்னான். அன்னைலருந்து எந்த வெளியூருக்கு அனுப்பவும் எனக்குப் பயமில்ல."

சுற்றிலும் உன் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். உன் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் என் மனம் லேசாகும். உன் அம்மாவுக்கு இருந்த ஒரு ஆறுதலும் போய்விடும்.

"ஆமாம்மா," என்றேன். "ஒண்ணாத்தான் இருந்தோம்."

அவர் என் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையின் சொரசொரப்பு இன்னும் என் முகத்தில் இருக்கிறது.