சுன்னிவாவின் மீன்

அன்பு மருமகள் சுன்னிவாவுக்கு,

திமிங்கிலங்களும் எழுந்து நின்று வணங்கும் வடகடல் சக்கரவர்த்தி, உன் மாமன் எழுதுவது.

சனிக்கிழமை என் சுற்றுலாப் படகில் வந்த ஜெர்மன்காரர் ஒரு ராட்சத ஹாலிபட் மீன் பிடித்தாரல்லவா? அதைக் கரையில் இறக்கியபோது லோஃபோத்தன் தீவுக்கூட்டமே ஒரு பக்கம் சாய்ந்தது. நீயும் கைதட்டினாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "மூணு வாரமா என் தூண்டில்ல ஒண்ணுமே இல்ல மாமா. படகை வித்துடறேன்."

நான் காபியை உறிஞ்சிக்கொண்டே, "அதிர்ஷ்டம் எல்லாருக்குமா வாய்க்கும்டி" என்றேன்.

அந்த மீன், நீ கடலில் போட்டுவிட்டு வந்த தூண்டிலில் கிடந்தது. ஜெர்மன்காரர் படகின் மறுபக்கம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது கழற்றி அவர் கொக்கியில் மாட்டினேன். முந்தைய இரண்டு வாரங்களும் அப்படித்தான்.

படகை விற்காதே. கடல் உனக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, வாங்கிக்கொண்டவன் நான்.

நாளை துறைமுகத்தில் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். நீ வராதே. உன் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன்.

வெட்கத்துடன்,
உன் மாமன்