ரொசேரின் கொடி

மாக்சி, வாஷிங்டன்
1938 மார்ச் 21

அன்பு மகள் கொரீனுக்கு,

சேசுவும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். நாங்கள் சுகம். உன் கடைசிக் கடிதம் வந்தது விபூதிப் புதனுக்கு முன்பு. மாமியாரை மறக்க அவ்வளவு நாள் போதும் போலிருக்கிறது. சரி, கோபமில்லை.

இத்துடன் ரொட்டித் தகரத்தில் நான்கு ஹாப்ஸ் கொடி வேர்த்துண்டுகள் வருகின்றன. ஈரப் பாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். பார்க்கக் காய்ந்த குச்சி மாதிரி இருக்கும், அடுப்பில் போட்டுவிடாதே. சமையலறை ஜன்னலடியில் ரொசேர் நட்டானே, அந்தக் கொடியின் வேர். "அம்மா, ரொட்டிக்குப் புளிப்புக் காய்ச்ச நீ தோட்டம் வரைக்கும் ஓட வேணாம், ஜன்னல்ல கைய நீட்டிக் காயப் பறிச்சுக்கோ" என்று சொல்லி நட்டது. உனக்கும் தெரிந்த கதைதான்.

உறைபனி விலகியதும் துண்டுகளைப் படுக்க வைத்து, முளை மேலே பார்க்க, நான்கு விரல் ஆழத்தில் புதைத்துவிடு. துளிர் நீண்டதும் சூரியன் போகும் பக்கமாகவே கயிற்றில் சுற்று. மாற்றிச் சுற்றினால் தானே அவிழ்த்துக்கொண்டு கீழே விழும்.

தகரத்தைக் கட்டும்போது உன் மாமனார், "ஏண்டி, துக்கத்துல இருக்கிற பொண்ணுக்கு பியர் காய்ச்சக் கத்துக் குடுக்கிறியா?" என்றார். என் வீட்டில் ஹாப்ஸ் ரொட்டிக்கு மட்டும்தான் என்பது கடவுளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி வருஷப் பூசை வைத்திருக்கிறது. கொடிகளுக்கு உயரத்தில் கயிறு கட்டும் மேடைவண்டியிலிருந்து அவன் விழுந்து நம்மை விட்டுப் போய் அன்றோடு ஒரு வருஷம். குளிர்காலத்தில் கொடி தரையோடு செத்துப்போகிறது, வசந்தத்தில் அதே வேரிலிருந்து எழுந்து வருகிறது. துண்டாக்கி நட்டாலும் அதே உயிர்தான். நீ இருக்கும் இடத்தில் அவனும் இருக்கட்டும்.

உன் அம்மா,
ஆல்பெர்த்தீன்


குரூக்ஸ்டன், மினசோட்டா
1938 மே 29

அன்பு அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே பனி ஏப்ரல் கடைசி வரை விடவில்லை. என் அறை ஜன்னலுக்கு வெளியே நட்டேன். மூன்று துண்டுகள் அழுகிவிட்டன. ஒன்று பிழைத்தது. அது ஒன்றே போதும் என்கிற வேகத்தில் வருகிறது. காலையில் அடையாளம் வைத்தால் மாலையில் ஒரு சாண் தாண்டியிருக்கிறது.

கம்பம் நட்டுக் கொடுத்தவர் எத்மோன். தானியக் கிடங்கில் எடை பார்க்கிறார், அப்பாவுக்குப் பழக்கம். அம்மா, மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுத முடியாது. அவர் என்னைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறார். செப்டம்பரில் டுலூத்துக்கு மாற்றல், அதற்குள் பதில் வேண்டும் என்கிறார். உங்களைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். "மோட்சத்துல இருக்கிறவர் சரின்னுடுவாரு, மாக்சியில இருக்கிற அம்மாவ நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்றார். நல்லவர் அம்மா. கோபிக்காதீர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அப்படி.

கொடிதான் விசித்திரம். கம்பத்தில் ஏற்றினால் ஏறவில்லை. இரண்டு முறை சுற்றிவிட்டேன். விடிந்து பார்த்தால் என் ஜன்னல் சட்டத்தில் தலை வைத்திருக்கிறது.

உங்கள் மகள்,
கொரீன்


மாக்சி
1938 ஜூன் 19

அன்பு மகளுக்கு,

கொடியை அதன் வழியில் விடு. கம்பத்துக்குத் திருப்பாதே. அது எங்கே போக வேண்டும் என்பது அதற்குத் தெரியும்.

இங்கேயும் அப்படித்தான். இந்த வருஷம் நான் கட்டிய கயிறுகளை விட்டுவிட்டு, அவன் கடைசியாகக் கட்டி நைந்துபோன பழைய கயிற்றைத் தேடி ஏறியிருக்கிறது. உன் மாமனார், "அந்தக் கயிறு சொரசொரப்பா இருக்கு, அதான் புடிச்சிருக்கு. விடுடி" என்கிறார். அவர் தோட்டத்துக்காரர், அப்படித்தான் பேசுவார். நான் ரொட்டி பிசையும்போது இலை கண்ணாடியில் உரசுகிறது. காற்றே இல்லாத நாளிலும். முன்பு அவன் வயலிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றாமல், கதவைத் திறக்கச் சொல்லி ஜன்னலைச் சுரண்டுவான் இல்லையா?

செர்ரி இந்த முறை நன்றாக விளைந்திருக்கிறது. இருபத்தெட்டு ஜாடி போட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். பூசையைத் தவறவிடாதே.

உன் அம்மா,
ஆல்பெர்த்தீன்


குரூக்ஸ்டன்
1938 ஜூலை 26, புனித அன்னாள் திருநாள்

அன்பு அம்மாவுக்கு,

நான் கேட்டதற்கு நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதாததுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

என் ஜன்னல் முழுவதும் மூடிவிட்டது. பகலிலும் அறை பச்சையாக இருக்கிறது. கண்ணாடி பார்த்தால் என் முகமும் பச்சை. வெயில் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நாலு நாள் அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் நுனி உள்ளே நுழைந்து, ஆணியில் மாட்டியிருந்த ரொசேரின் கோட்டைப் பிடித்திருந்தது. கைப்பகுதியை மூன்று சுற்று. அவிழ்க்கப் போனதில் முழங்கை வரை கீறல். அறுவடை மாதத்தில் அவர் கையில் இருக்குமே, அதே சிவப்புக் கோடுகள். அப்புறம் நான் தொடவில்லை.

போன ஞாயிறு பூத்தது. காய் வரவில்லை அம்மா. சின்னச் சின்னக் கொத்தாகத் திறந்து, தலையணை மேலெல்லாம் மஞ்சள் தூள் உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோயிற்று. என் அம்மா பார்த்துவிட்டு, "அடியே, ஊரெல்லாம் பொம்பளக் கொடி வளக்குது, நீ போயும் போயும் ஒரு ஆம்பளைய வளத்து வெச்சிருக்கியே!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் ஜன்னலில் அந்தக் கொடி காய்த்ததை நான் பார்த்திருக்கிறேன். என் கையால் பறித்திருக்கிறேன். இங்கே வந்து அது ஏன் மாற வேண்டும்? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றே ஒன்றுதான். உங்களுக்கும் அதுதான் தோன்றும்.

நான் ரொசேரோடு பேசுகிறேன் அம்மா. ஆகஸ்ட் பதினைந்து, மாதா மோட்சத் திருநாளன்று எத்மோனிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன். புருஷன் ஜன்னலில் நிற்கும்போது இன்னொருவர் கையை எப்படிப் பிடிப்பது?

உங்கள் மகள்,
கொரீன்


மாக்சி
1938 ஆகஸ்ட் 6

கொரீன்,

இது திருநாளுக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும். உன் மாமனார் அன்செல்ம் வெளியே லாரியை ஓடவிட்டுக்கொண்டு தபாலுக்காகக் காத்திருக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

ஹாப்ஸ் மாறாது. காய்க்கிற பெண் கொடி பெண்தான், தூள் மட்டும் உதிர்க்கிற ஆண் கொடி ஆண்தான். உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நீ எங்கடி தோண்டின?" என்றார். வேலியோரம் என்றேன். "அட கடவுளே, அந்தப் பக்கம் கடைசி வரிசையில தூளுக்குன்னு விட்ட ஆண் கொடி நிக்குதே! அதோட வேரு வேலிக்கு அடியில பூந்து எப்பவோ வந்திருக்கும். பாவம்டி அந்தப் பொண்ணு" என்றார்.

ரொசேரின் தூரில் மண்வெட்டி படக் கூடாதென்று தள்ளித் தோண்டினேன். மார்ச்சில் மண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லை. எல்லா வேரும் ஒரே மாதிரி. ஒரு முட்டைக்குக்கூடக் கணக்கு வைக்கிறவள், இதில் தவறிவிட்டேன்.

அது ரொசேர் இல்லை. ஜன்னலுக்கு வந்தது, கம்பம் நிழலில் இருந்ததால். கோட்டைப் பிடித்தது, அருகில் அது இருந்ததால். அவ்வளவுதான். அவன் கொடி இங்கே நிறையக் காய்த்து நிற்கிறது.

உன் கடிதத்தை மூன்று நாள் ஏப்ரன் பையிலேயே வைத்திருந்தேன். நான் சொல்லாவிட்டால் உனக்குத் தெரியப் போவதில்லை. நீ என் மருமகளாகவே அந்த அறையில் இருந்திருப்பாய். ஆனால் உன் முகம் பச்சையாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அதைத் தாண்டி என்னால் செபமாலையில் ஒரு மணியும் நகர்த்த முடியவில்லை.

எத்மோனைப் பற்றி மே மாதமே படித்தேன். படிக்காதவள் போல இருந்துவிட்டேன். அவரிடம் சரி என்று சொல். நல்ல மனிதர் என்று நீ எழுதிய விதத்திலேயே தெரிகிறது.

கொடியை அறுத்து வேரோடு தோண்டி எடு. ஒரு விரல் நீளம் விட்டாலும் திரும்பி வரும். வேறு துண்டு அனுப்பட்டுமா என்று கேட்க மாட்டேன். இனி எனக்கு எழுத வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்திக்கொள்ளவும் வேண்டாம்.

என்னைப் பற்றி யோசிக்காதே. பழைய கயிறு முடிந்துவிட்டது, பற்ற இடமில்லாமல் நுனி காற்றில் மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. மதியத்தில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்காருவேன். நேற்று, நான் எழுந்திருப்பதற்குள், என் சுண்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

ரொசேரின் அம்மா