மாற்றக்கூடாது என்ற கட்டம்

அக்டோபர் 9, வியாழன்

மழை. காலையில் சிப்பிச் சாறு. என் மனைவி சதாயோ உப்பைக் குறைத்திருந்தாள்.

ஆசிரியர்களுக்கான பொது இணையத் தளத்தில் என் அறிவியல் பயிற்சித் தாள்களை எத்தனை பள்ளிகள் எடுத்திருக்கின்றன என்று பார்த்தேன். நினைத்ததைவிட அதிகம். ஓய்வுபெற்ற பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் உட்கார்ந்து செய்த தாள்கள். யாரும் இலவசமாக எடுக்கலாம், நகலெடுக்கலாம், என் பெயரைப் போட வேண்டும், மாற்றக்கூடாது. இதுதான் நான் கொடுத்த உரிமம். கொஞ்சம் பெருமையாக இருந்தது. உடனே கூச்சமாகவும் இருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

மதியம் தொலைபேசி. கடலோர நடுநிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை. மினாகவா என்று பெயர். முதலில் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகுதான் விஷயம்.

ஹைட்ரஜன் தாள். வாயுவைச் சோதனைக் குழாயில் பிடித்த பிறகு, அது உற்பத்தியாகும் குடுவையைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிக்க வேண்டும். என் தாளில் நான்காம் படி: தீக்குச்சியைக் காட்டவும். ஐந்தாம் படி: குடுவையைத் தள்ளி வைக்கவும். இடம் மாறியிருக்கிறது. குடுவை வெடித்து, ஹருமிச்சி என்ற ஏழாம் வகுப்புப் பையனுக்குப் புருவத்தில் தையல், ஒரு காதில் இரைச்சல். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

"தப்பு இருக்குன்னு எனக்கு ஏப்ரல்லயே தெரியும் சார். மாற்றக்கூடாதுன்னு போட்டிருந்தீங்களா, அதனால தாளைத் தொடல. சரியான வரிசையைத் தனியா ஒரு துண்டுச் சீட்டுல அடிச்சு, ஒவ்வொரு தாளோடயும் செருகி வெச்சிருந்தேன். வெடிச்ச அன்னிக்கு நான் லீவு. எனக்குப் பதிலா வந்தவர் தளத்துலேர்ந்து புதுசா எடுத்துட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்களப் போயி எப்படித் திருத்தச் சொல்றதுன்னு..."

தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது. பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கும் முன்பே அந்தப் பெண்ணிடம் குற்றம் தேடியிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

தாளைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். என்ன பயன்? நானே படித்து ஒப்புக்கொண்ட உரிமத்தில் ஒரு வரி இருக்கிறது: கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற இயலாது. எந்தப் பள்ளியின் எந்த அலமாரியில் என் நான்காம் படி கிடக்கிறதோ. வாயுப் பாடம் இன்னும் எத்தனையோ பள்ளிகளில் நடக்கவில்லை. இனிமேல்தான்.

'மாற்றக்கூடாது' என்ற கட்டத்தில் ஏன் குறியிட்டேன்? யாராவது என் தாளில் ஒரு தப்பைப் புகுத்தி, என் பெயரோடு பரப்பிவிடுவார்களோ என்ற பயம். தப்பு முன்பே உள்ளே இருந்தது. நான் அதற்குத்தான் காவல் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

சிவப்புப் பயறு இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, எங்கள் ஊர் மட்சுயேயிலிருந்து பேருந்தில் பையன் வீட்டுக்குப் போனேன். அப்பா கணவாய் மீன் பிடிப்பவர். நான் குனிந்தேன், அவர் என்னைவிடத் தாழக் குனிந்தார். தாங்கவில்லை.

"நீங்களா சார் வந்து குனியணும்? இவன்தான் முன்னாடி போயி மூக்கை நீட்டியிருப்பான்."

"நீட்டலப்பா. தாள்ல இருந்ததைத்தான் செஞ்சேன்."

அப்பா இனிப்புப் பெட்டியை ஓரமாக வைத்தார். பிறகு பையனே சொன்னான்: "காதுல ங்ஙின்னு கேட்டுட்டே இருக்கு சார். கணக்கு வாத்தியார் பேசுறது விழ மாட்டேங்குது. அது ஒண்ணுதான் லாபம்."

"டேய்," என்றார் அப்பா.

சிரிக்க வேண்டிய இடம். எனக்கு வரவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

தாளில் இருந்ததைத்தான் செய்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

மினாகவாவிடம் நானே பேசினேன். வெளியே போய்விட்ட தாள்களை என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"விட்டதைப் பிடிக்க முடியாது சார். ஆனா பிடியை இன்னும் கொஞ்சம் விடலாம்," என்றார். "மாற்றலாம்னு போட்டுடுங்க. எதை மாத்தினோம்னு கீழ எழுதணும், அவ்வளவுதான் விதி. திருத்தின தாளை ஆளாளுக்கு அனுப்புவாங்க. பழசு போன வழியிலயே புதுசும் போகும்." கொஞ்சம் தயங்கி, "உங்களுக்குச் சங்கடமா இருந்தா பேரை எடுத்துடச் சொல்லலாம். அதுக்கும் உரிமம் இடம் கொடுக்குது," என்றார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. பெயர் போய்விட்டால் யாருக்கும் தெரியாது.

சதாயோவிடம் சொன்னேன். முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஏங்க, பாராட்டு வந்தப்ப பேரு வேணும். பையன் அடிபட்டா வேணாமா?"

அக்டோபர் 22, புதன்

எல்லாத் தாள்களிலும் அந்தக் கட்டத்தின் குறியை எடுத்தேன். ஹைட்ரஜன் தாளைத் திருத்தி, தலைப்புக்கு மேலேயே எழுதினேன்: 'முந்தைய தாளில் நான்காம், ஐந்தாம் படிகள் என் தவறால் இடம் மாறியிருந்தன. ஒரு மாணவர் காயமடைந்தார். பழைய பிரதிகளை அழித்துவிடுங்கள். மற்றத் தாள்களில் தவறு கண்டால் என்னைக் கேட்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.' கீழே ககேஹி என்ற என் பெயர், தொலைபேசி எண். இரண்டு முறை அழித்துவிட்டு, மூன்றாம் முறை இருக்கட்டும் என்று விட்டு, தாளை மறுபடி தளத்தில் ஏற்றினேன்.

நவம்பர் 6, வியாழன்

மினாகவாவும் வேறு சிலரும் சேர்ந்து மாற்றிய தாள் வந்திருக்கிறது. குடுவை மேசையின் மறுகோடியில் நிற்பதாகப் பெரிய படம். அடியில்: 'மூலம்: ககேஹி. மாற்றங்கள்: படம் சேர்ப்பு, முன்னுரை நீக்கம்.'

ஹைட்ரஜனைப் பற்றி நான் எழுதிய அந்த முன்னுரை எனக்குப் பிடித்த பகுதி. "பசங்க படிக்க மாட்டாங்க சார்," என்றார் மினாகவா. வலித்தது. வலிக்கட்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

ஹருமிச்சிக்கு இரைச்சல் குறைந்திருக்கிறதாம். குறைந்திருக்கிறது, போகவில்லை. தையல் போட்ட இடத்தில் புருவமுடி முளைக்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

வடகோடியில், ஹொக்காய்டோவிலிருந்து ஒரு ஆசிரியரின் அழைப்பு. இளம் குரல். இந்த முறை மழையைப் பற்றிய பேச்சு இல்லை, மன்னிப்பு இல்லை.

"ககேஹி சாரா? உங்க உப்புக் கரைசல் தாள்ல, ரெண்டாவது படியில, தண்ணி அளவு தப்பு. ஒரு சைபர் கூட இருக்கு. கேக்காமயே மாத்திட்டேன்."

ஒரு நிமிடம் இருக்கச் சொல்லி, தாளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

"நன்றி. வேற எங்கேயாவது இருக்கா?"

"இருக்கு சார். எழுதிக்கிறீங்களா?"

பென்சிலைத் தேடினேன்.