நான் போடாமல் விட்ட தேதி

அன்பு மகளுக்கு,

உன் பழைய கம்ப்யூட்டருக்கு நேற்று கடிகார பேட்டரி மாற்றியாயிற்று, ஓடுகிறது. இங்கே நான் நலம், அம்மாவும் முழங்கால் வலியைத் தவிர நலம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறோம். போனில் நீ என்னிடம் "சாப்பிட்டீங்களா"வுக்கு மேல் பேசுவதில்லை, நானும் "ம்"முக்கு மேல் போவதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். எனக்குக் கொட்டேஷன் எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

பிரசவத்துக்கு அம்மா வரும்போது அந்தக் கம்ப்யூட்டரையும் கொண்டுவரச் சொன்னாயாமே. அது கடை மாடியில் பழைய கேட்லாக் கட்டுகளுக்கு அடியில் பதினேழு வருஷமாகக் கிடந்தது. தூசியைத் தட்டி அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம் என்றிருந்தேன், நீ போன பிறகு தெருமுனையில் கடை போட்ட ரிப்பேர்காரர்தான், முதல்ல திறந்து பாத்துடுவோம் என்றார். மூடியைக் கழற்றினால், உள்ளே பலகையின் மூலையில் விரல்நுனி அளவு நீல பேட்டரி, ஒழுகிக் காய்ந்து சுற்றிலும் பச்சையாகப் பூத்துப்போயிருக்கிறது. "உங்களுக்கு என்ன வியாபாரம்?" என்று கேட்டார். மோட்டார், ஃபேன், டார்ச் என்றேன். "டார்ச் வாங்குறவங்ககிட்ட, எடுத்து வைக்கிறதா இருந்தா செல்லைக் கழட்டிட்டு வைங்கன்னு சொல்லுவீங்கல்ல?" என்றார். சொல்லுவேன் என்றேன். உடனே டீ வரவழைத்தேன். ஆள் காரியத்தில் கெட்டிக்காரர். ஈயத்தை உருக்கிப் பழையதை எடுத்தார், வினிகரில் நனைத்த பிரஷால் பச்சையைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தார், அரித்துப்போன இரண்டு இடத்தில் முடி மாதிரி ஒயர் இழுத்து ஒட்டினார். புது பேட்டரியைப் பலகைமேல் வைக்கவில்லை, நாணயம் மாதிரி வட்டமாக இருப்பதை ஒரு சின்னக் கூட்டில் செருகி, ஒயர் நீட்டி, தள்ளி ஒரு ஓரமாக ஒட்டியிருக்கிறார், நாளைக்கு ஒழுகினாலும் பலகை தப்பிக்கும். பழையது சார்ஜ் ஏறுகிற ஜாதி, இது ஏறக்கூடாத ஜாதியாம், அதனால் கரண்ட் அதற்குள் போகாதபடி ஒரு டயோடும் போட்டார். அது எதுக்குங்க வீணா என்று என் வாய் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டது. கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார் பார், நான் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் "பில்" என்று நீ எழுதி ஒட்டிய ஃபிளாப்பியைப் போட்டோம். பில் போட நீயே எழுதிய புரோகிராம் கரகரவென்று ஓடி, இன்றைய தேதி என்ன என்று கேட்டுக்கொண்டு நின்றது. அந்தக் கேள்வியை நீ எதற்கு வைத்தாய் என்பது எனக்கு மறக்கவில்லை. பேட்டரி செத்துப்போச்சுப்பா, தினம் காலையில ஏதோ பழைய வருஷத்துலயே முழிக்குது, மாத்திடலாம்ப்பா என்று மூன்று தடவை கேட்டாய். "சுவத்துல காலண்டர் தொங்குது, பாத்து அடி" என்றேன், பெரிய சாமர்த்தியமாகப் பேசிவிட்ட மாதிரி கடைப் பையன் நெட்டையனைப் பார்த்துச் சிரித்தேன், அவனும் சம்பளம் வாங்குகிறவன், சிரித்தான். நீயும் தினமும் காலண்டரைப் பார்த்து அடித்தாய். ரிப்பேர்காரர் அந்த ஃபிளாப்பியைக் குடைந்து பார்த்துவிட்டு, உங்க பொண்ணு கெட்டிங்க, தினமும் மெஷின் சொன்ன தேதி ஒரு பக்கம், அவங்க அடிச்ச தேதி இன்னொரு பக்கம்னு தனியா எழுதி வச்சிருக்காங்க என்று திரையைத் திருப்பிக் காட்டினார். நானூறு நாளுக்கு மேல் இருக்கிறது. இடப்பக்கம் எல்லாம் தப்பு, வலப்பக்கம் எல்லாம் சரி. நடுவில் ஒரே ஒரு நாள் மட்டும் இரண்டு பக்கமும் அதே பழைய தேதி. "இன்னைக்கு யாரோ தேதி அடிக்காம சும்மா என்டரைத் தட்டியிருக்காங்க" என்றார். அதற்குக் கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக நீ அடித்து வைத்திருந்ததையும் அவரே படித்தார். எனக்குப் பரீட்சை, அப்பா கடை திறந்தார், ஒன்பது பில் தேதி தப்பு, எட்டு பேருக்கு மாற்றிக் கொடுத்தாச்சு, மோட்டார் வாங்கியவர் முகவரி இல்லை. அவ்வளவுதான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் நான் செய்ததை நானே எழுத வேண்டும். அந்த மோட்டார் ஒரு வருஷ கேரண்டி முடியுமுன்னே, பதினோராம் மாதம் எரிந்து திரும்பி வந்தது. மோட்டார் கம்பெனிக்காரர் பில்லை வாங்கிப் பார்த்து, "மோட்டார் பொறக்கறதுக்கு முன்னாடியே பில் போட்டுட்டீங்களே, ஜோசியமா?" என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே பொய் பில் போடும் கடை என்று எழுதி ஏஜென்சியைப் பிடுங்கிக்கொண்டு போனார். கடை நிறைய ஆட்கள், நெட்டையன் வேறு நிற்கிறான். நீ "அப்பா, அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தாய், வாயை மூடு என்றேன். தேதி போடத் தெரியாதவளுக்குக் கல்லா எதுக்கு, பொம்பளைப் பிள்ளை கையில கடையைக் குடுத்தா இப்படித்தான் நாசமாகும் என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். நீ சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய், மறுநாள் வரவில்லை, மூன்று மாதத்தில் ஊரைவிட்டே போய்விட்டாய். வேலை கிடைத்துப் போனாள் என்று நான் ஊராரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தக் காலை துண்டு துண்டாக ஞாபகம் வருகிறது. ஷட்டரைத் தூக்கும்போதே ஆட்கள் நிற்கிறார்கள், திரை எதையோ கேட்கிறது, எரிச்சலோடு பெரிய பட்டனைத் தட்டினேன், பில் வந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நீ வந்து நேத்து பில்லெல்லாம் தேதி தப்புப்பா என்றதும், அதெல்லாம் நீயே பாத்துக்கோ என்று நான் சொன்னதும்கூட வருகிறது. அது அன்றைக்கே என் நினைவில் வந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டாததை மறந்துவிடும் மூளை எனக்கு, வியாபாரத்தில் அது எத்தனையோ தடவை கைகொடுத்திருக்கிறது, இதில் என் பெண்ணைக் கொண்டுபோய்விட்டது. ஏஜென்சி போனால் என்ன, ஒரே வருஷத்தில் அதைவிட நல்லதாக இன்னொன்று வந்தது. கல்லாவில் இன்றைக்கும் சம்பளத்துக்கு ஆள்தான் உட்கார்ந்திருக்கிறான், நல்லவன்தான், ஆறு மணி அடித்தால் எழுந்து போய்விடுவான்.

நெட்டையன் இப்போது எதிர்ச்சாரியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். நேற்றே போய், அவனுடைய ஆட்கள் இருக்கும்போதே, அந்த பில் போட்டது பாப்பா இல்லைடா, நான்தான் என்றேன். "தெரியும் முதலாளி, பாப்பா எட்டு பேர் வீட்டுக்கும் சைக்கிள்ல போனப்ப பின்னாடி உக்காந்து போனது நான்தானே, என் பாரத்தையும் சேத்து மிதிச்சுது பாவம்" என்றான். ஏன்டா என்கிட்ட சொல்லலை என்றதற்கு, "நீங்க எங்க கேட்டீங்க?" என்றான். அந்தக் கம்பெனிக்காரர் ரிட்டயர் ஆகிவிட்டாராம், விலாசம் கேட்டிருக்கிறேன், அவருக்கும் எழுதுவேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே, "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, சொல்ல வேண்டியவகிட்ட சொல்லுங்க" என்றாள். அதனால் உன்னிடம் சொல்கிறேன் மகளே. தப்பு என்னுடையது. பேட்டரி வாங்கித் தராதது ஒரு தப்பு, என்டரைத் தட்டியது ஒரு தப்பு, அவை இரண்டும் பெரிசில்லை. உன்னைப் பேச விடாததுதான் தப்பு. மன்னித்துவிடு என்று எழுதினால் நீ பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிடும், அதனால் அதைக் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையைத் தவறவிடாதே, நீ தவறவிடுவாய் என்று அம்மா சொல்கிறாள். மெஷின் வந்ததும் நீ தூக்காதே, மாப்பிள்ளை தூக்கி வைக்கட்டும். ரொம்ப நாள் ஓட்டாமல் வைப்பதானால் அந்த வட்ட பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துவிடு. பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, உன்னைப் போலவே எழுதி வைக்கிற புத்தியோடு வளரட்டும், தாயும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு சுகமாக இருங்கள்.

நானும் அம்மாவும் பேசி முடித்த ஏற்பாட்டையும் எழுதிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். அம்மா அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறாள், நாலு மாதம் உன்னோடு இருப்பாள், மெஷின் அவள் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வருகிறது. நான் இங்கே இருந்து கடையைப் பார்த்துக்கொள்கிறேன். நீயாக உன் வாயால் வரச் சொன்னால் ஒழிய எனக்கு டிக்கெட் எடுப்பதில்லை. அம்மா எனக்காக உன்னிடம் பேசக் கூடாது, நான் மாப்பிள்ளையை விட்டுக் கேட்கக் கூடாது. இதற்கு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா