ஞாயிற்றுக்கிழமை பிரஷர்

12-5-1938, வியாழன்

காலை 11 மணி. மில் டிஸ்பென்சரி. தறிக்கூடத்து ஆட்கள் பதினொரு பேருக்குப் பிளட் பிரஷர் பார்த்தாயிற்று. எட்டுப் பேருக்கு அதிகம்.

கத்திரி வெயில். தறிக்கூடத்துக்குத் தகரக் கூரை. நூல் அறுந்துவிடக் கூடாதென்று உள்ளே நீராவி வேறு. ஜன்னல் திறக்கக் கூடாது. நமக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் தறிதான் கேட்கிறது. நாடியில் விரல் வைத்துத்தான் பார்க்கிறேன். கம்பவுண்டர் காதர் பாய்: "செவுத்துக்கும் ஒருதரம் பட்டையச் சுத்திப் பாருங்க டாக்டர் சாப். அதுவும் நடுங்குது."

போன மாதம் ஒருவர் தறியடியில் விழுந்து கைகால் விளங்காமல் போன பிறகுதான் மேனேஜர் இந்தக் கருவியை வாங்கினார். உத்தரவு: 180க்கு மேல் உள்ளவர் பெயர்கள் செவ்வாய்க்குள் வேண்டும். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களாம். விழுபவனை முன்கூட்டியே வெளியே தள்ளும் வைத்தியம்.

முதல் பெயர் ஆரோக்கியம். வயது 38. இரண்டு தறி ஓட்டுகிறார். 196.

சவர பிளேடு தீர்ந்தது.

13-5, வெள்ளி

முன்கட்டடத்துக் குமாஸ்தாக்கள் ஆறு பேர். மின்விசிறி, நாற்காலி. ஒருவருக்கும் அதிகமில்லை. இரண்டு பேர் ஆரோக்கியத்தைவிட மூத்தவர்கள். ஒருவர் படியேறினாலே மூச்சு வாங்குபவர்.

மில் குடியிருப்புக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். துப்பினேன். அத்தனை உப்பு. இதைத்தான் குடிக்கிறார்கள். வியர்வைக்கு ஈடென்று, பழைய சோற்று நீச்சத்தண்ணியில் இன்னொரு கை உப்பு. குறையுங்கள் என்றேன். ஆரோக்கியம்: "உப்பில்லாம நின்னா கிறுகிறுன்னு வருது டாக்டரய்யா. நீங்க ஒருநா நின்னு பாருங்க."

படுத்தாலும் காதுக்குள் தறி.

15-5, ஞாயிறு

மில் விடுமுறை. கருவியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆரோக்கியம் வீட்டுக்கு. கோயில் பூசை முடிந்து வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில். "வாங்க" என்றதே ஒரு கூச்சல். மனைவி லூர்து கையாலேயே அவரோடு பேசுகிறார். தறிக்கூடத்தில் வாய்ப்பேச்சு கேட்காது. அங்கே பழகிய சைகை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்தால், 'பொறு'.

"இவரு ரகசியம் பேசுனா அழகர்கோவில் வரைக்கும் கேக்கும்" என்றார் லூர்து.

அரை மணி படுக்க வைத்தேன். வாயைத் திறக்கப் போனவருக்கு லூர்து உள்ளங்கையைக் கவிழ்த்தார். அடங்கிவிட்டார். முதல் தடவையாக ஸ்டெதாஸ்கோப்பில் ரத்தம் ஓடும் சத்தம் சுத்தமாகக் கேட்டது. 158. மறுபடி, 156.

இதுவும் அதிகம்தான். ஆனால் 196 எங்கே. ஆள் ஒருவர்தான், இடம்தான் வேறு.

"அம்புட்டுத்தானா? அப்ப எம்பேரை எடுத்துருவீங்கல்ல?"

லூர்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேரையும் இழுத்து என் முன்னால் உட்கார வைத்தார். பார்க்கலாம் என்றேன். உருப்படாத வார்த்தை.

16-5, திங்கள்

மேனேஜரிடம் சொன்னேன். நீராவியைக் குறையுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், நல்ல தண்ணீர் கொண்டுவாருங்கள், பிறகு பாருங்கள் என்று. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையும் காட்டினேன்.

"வீட்டுலயா தறி ஓட்டப் போறான்? மில்லுல எவ்வளவோ அதை எழுதுங்க."

"மில்லுதான் ஏத்துதுங்கிறேன்."

"நூல் அறுந்தா நீங்க வந்து முடிச்சுப் போடுவீங்களா?" கோப்பைப் புரட்டினார். நான் எழுந்தபோது குரலைத் தாழ்த்தினார்: "நாளைக்கு எனக்கும் ஒருதடவை பாத்துருங்க டாக்டர். கொஞ்ச நாளா தலை கனமா இருக்கு."

தலைவலி எனக்கும்தான். சாப்பிடவில்லை. நாளை:

1. பெயர்ப் பட்டியல் கொடுப்பதில்லை.
2. காலையில் மேனேஜருக்கு அவர் அறையில், விசிறிக்கடியில் ஒரு தடவை பார்ப்பது.
3. இன்னொரு தடவை பார்த்தால்தான் நிச்சயம் என்று தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், ஆரோக்கியத்தின் தறிக்குப் பக்கத்தில் அரை மணி நிற்க வைத்துப் பார்ப்பது.
4. இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுப்பது. வேலை போனாலும் போகும், என் பெட்டி படுக்கையை முன்பே கட்டிவைத்துவிட்டுப் போவது.
5. ஆரோக்கியத்திடம் வாயால் எதுவும் சொல்வதில்லை. தறிகளுக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவது.